என்ன மா?

முதல் நாள்: நாகையிலிருந்து கிளிநொச்சி

காலையில் நாகப்பட்டினம் துறைமுகத்தில் பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். இரண்டு கிலோ அவல், வறுத்த நிலக்கடலை, அம்மா அரைத்துக் கொடுத்த பருப்புப் பொடி, பெருங்காயம் சேர்க்காத புளிக்காய்ச்சல், ஒரு சின்னப் பாத்திரம், ஒரு கரண்டி. "அஞ்சு நாளுக்கு இவ்வளவு சாப்பாடாம்மா?" என்று கேட்டார் சோதனை செய்தவர். உடம்புக்கு ஒத்துக்காது என்று மட்டும் சொன்னேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது.

இங்கே விரிவாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் இருக்கிறது. அது உள்ளே போனால் என் உடம்பின் எதிர்ப்பு சக்தி என் சிறுகுடலையே தாக்கத் தொடங்கிவிடும். குடலின் உட்சுவரில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகும். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுவதும் குளூட்டனை விலக்குவது ஒன்றே வழி. வட இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்குச் சற்று மேல் இந்த நோய் இருக்கிறது. தெற்கில் ஆயிரம் பேரில் ஒருவருக்குத்தான். அரிசி தின்னும் ஊரில் இதை யாரும் முதலில் நினைப்பதில்லை. பன்னிரண்டு வயதிலிருந்து எனக்கு இரும்புச்சத்து மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பதினெட்டில்தான் ஒரு மருத்துவர் ரத்தத்தில் வேறொரு சோதனை செய்யச் சொன்னார். பிறகு குடலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து உறுதிசெய்தார்கள்.

இது என் முதல் வெளிநாட்டுப் பயணம். என்னோடு நீர்வளப் பொறியியல் படிக்கும் தோழிக்கு இலங்கையின் கிளிநொச்சி சொந்த ஊர். ஆய்வேட்டை முடிக்க வேண்டியிருந்ததால் அவளால் வர முடியவில்லை. "நீ போ, அம்மா இருக்கிறா, தம்பி இருக்கிறான், இரணைமடுவைப் பார்க்காமல் என்ன குளம் படிக்கிறாய்?" என்று அனுப்பிவைத்தாள். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னாள்: "வழியில ஒண்டும் சாப்பிடாதே. நேரே வீட்டுக்குப் போ." அதை நான் உபசாரம் என்று எடுத்துக்கொண்டேன்.

கப்பல் நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து யாழ்ப்பாணம் வரை ஒரு பஸ், பிறகு ஏ9 வீதியில் தெற்கே இன்னொரு பஸ். பளை தாண்டியதும் பனைகள் விலகி, ஆனையிறவில் இரண்டு பக்கமும் நீர் விரிகிறது. காற்று கண்ணாடி வழியாக உப்பை அள்ளிக்கொண்டு வந்து உதட்டில் வைத்தது. பக்கத்து இருக்கை அக்கா, "இதோட வன்னி தொடங்குது, தங்கச்சி" என்றார். வெளியே வெயில் தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தது.

கிளிநொச்சியில் இறங்கும்போது மாலை ஐந்து. காலையில் தின்ற அவல் எப்போதோ கரைந்துவிட்டது. பஸ் நின்ற இடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. வாசலிலேயே தோசைக் கல். தோசையைப் பார்த்ததும் ஊருக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது. அரிசியும் உளுந்தும். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் சாப்பிடும் சில பண்டங்களில் தோசையும் ஒன்று. ஆனாலும் வழக்கப்படி என் அட்டையை நீட்டினேன். ரவை, மைதா, சேமியா, பார்லி எதுவும் சேரக்கூடாது என்று தமிழில் எழுதி வைத்திருக்கும் அட்டை அது.

கடைக்காரர் நிதானமாகப் படித்தார். "மைதாவோ? அப்பிடி ஒண்டும் நாங்கள் பாவிக்கிறேல்லைத் தங்கச்சி. பயப்பிடாமச் சாப்பிடுங்கோ."

தோசை மஞ்சளாக இருந்தது. மாவிலேயே வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டியிருந்தார்கள். ஓரம் மொறுமொறுக்கவில்லை, மெத்தென்று மடிந்தது. ஊருக்கு ஊர் பக்குவம் மாறும் என்று நினைத்துக்கொண்டேன். சம்பலோடு மூன்று சாப்பிட்டேன். நல்ல ருசி.

இரவு பத்து மணிக்கு வயிறு இறுகத் தொடங்கியது.

இரண்டாம் நாள்: எங்கும் போகவில்லை

எழுத முடிகிற வரை எழுதுகிறேன். விடிய விடியக் குளியலறைக்கும் பாய்க்கும் நடை. மூட்டெல்லாம் வலி, தலைக்குள் பஞ்சு அடைத்த மாதிரி. இதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. தண்ணீர், உப்பு, சர்க்கரை, ஓய்வு. அது தானாகக் கடந்து போக வேண்டும்.

தோழியின் அம்மா தலைமாட்டில் வந்து உட்கார்ந்தார். "வழியில என்ன சாப்பிட்டனீங்கள் பிள்ளை?"

"தோசைதான் அம்மா. மைதா இல்லேன்னு கேட்டுட்டுத்தான் சாப்பிட்டேன்."

அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போய் ஒரு டின்னோடு திரும்பினார். மூடியைத் திறந்து என் முன் வைத்தார். "தோசைக்கு நாங்கள் மா போடுவம், பிள்ளை. இதுதான் மா."

ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்தேன். பால் வெள்ளை. சாக்பீஸ் தூள் போல வழுக்கியது. சந்தேகமே இல்லை, மைதா. கையைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

படுத்துக்கொண்டே அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவர் பொறுமையாகச் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். இங்கே வெறுமனே 'மா' என்றால் பல வீடுகளில் இந்த வெள்ளை மாதான். கோதம்ப மா என்பதும் அதுதான். அதை ஆவியில் அவித்து அரித்து வைத்தால் 'அவிச்ச மா'. தவிட்டோடு அரைத்தது 'ஆட்டா மா'. அரிசியில் செய்தால்தான் 'அரிசி மா' என்று பெயருக்கு முன்னால் அரிசி வரும். இடியப்பத்துக்கு அவித்த வெள்ளை மா பிழிகிற வீடுகள் உண்டு. புட்டுக்கு அரிசி மாவோடு பாதிக்குப் பாதி கலப்பார்கள். குரக்கன் புட்டுக்கும் (நம் கேழ்வரகுதான்) மெத்தென்று வர ஒரு பிடி போடுவார்கள். பனங்காய்ப் பணியாரத்தில் உண்டு. பருத்தித்துறை வடையில் உண்டு. உளுந்து வடையில் இல்லை, ஆனால் வெள்ளை மாவில் செய்யும் ரோல்ஸ் பொரிக்கிற எண்ணெயில்தான் அதுவும் பொரியும்.

இடியப்பம், புட்டு, தோசை, வடை. நான் பிறந்ததிலிருந்து சொல்லிவரும் பெயர்கள் ஒன்றுமாறாமல் இங்கேயும் இருக்கின்றன. பெயருக்குள் இருக்கும் தானியம் மட்டும் மாறியிருக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. மைதா என்ற சொல் அவருடைய அடுக்களையில் இல்லை. மா என்ற சொல் என் அட்டையில் இல்லை. டெல்லியில் இருந்தபோது மொழி தெரியாத பயத்தில் நூறு கேள்வி கேட்பேன். இங்கே தமிழ் என்ற தைரியத்தில் ஒரே கேள்வியோடு நிறுத்திவிட்டேன். அதுதான் என் பிழை.

அம்மா என் அட்டையை வாங்கி, பின்பக்கத்தில் தம் கையெழுத்தில் எழுதித் தந்தார்: "இந்தப் பிள்ளைக்குக் கோதம்ப மா ஒத்துவராது. வெள்ளை மா, ஆட்டா மா, றவ்வை, பாண், நூடில்ஸ், சோயா சோஸ், சோயா மீற் ஒண்டும் குடுக்க வேண்டாம். மா பட்ட சட்டி, அகப்பையும் வேண்டாம்." பாண் என்பது நம் பிரெட். கடைசி வரியை நான் கேட்காமலே சேர்த்தார்.

மாலையில் இளநீர் மட்டும்.

மூன்றாம் நாள்: இரணைமடு, முறிகண்டி, ஒரு புது நீத்துப்பெட்டி

காலையில் எழுந்து நிற்க முடிந்தது. தம்பி மோட்டார் சைக்கிளில் இரணைமடுவுக்குக் கூட்டிப்போனான்.

குளம் என்றால் எனக்கு எங்கள் ஊர்க் கோயில் குளம்தான் முதலில் நினைவுக்கு வரும். இது கடல் மாதிரி கிடக்கிறது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கி 1920இல் முடித்தார்கள். 'இரணை' என்றால் இரட்டை. இரட்டை மடுக்கள் இருந்த இடத்தை அணைகட்டி ஒன்றாக்கியதால் இந்தப் பெயர் என்கிறார்கள். அண்மையில் புனரமைத்தபோது உயர்த்தி, இப்போது 36 அடி வரை நீர் தேக்குகிறார்கள். ஊரில் யாரைக் கேட்டாலும் குளத்தை அடிக்கணக்கில்தான் சொல்கிறார்கள். தம்பி, "மாரியில வான் பாயேக்க வந்து பாருங்கோ அக்கா" என்றான். உபரிநீர் வழிந்தோடுவதைத்தான் வான் பாய்வது என்கிறார்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்கு இத்தனை அழகான சொல் இல்லை.

அணைக்கட்டில் நடந்தோம். கீழே சிறுபோக வயல்கள், வாய்க்கால் ஓரமாகப் பச்சை. மதகைப் பற்றி ஓர் ஐயா அரைமணி நேரம் சொன்னார். எந்த வாய்க்காலுக்கு என்று திறப்பது, கடைக்கோடி வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேர எத்தனை நாள் ஆகும், முறை பிசகினால் யார் யாரிடம் வந்து நிற்பார்கள் என்றெல்லாம். தஞ்சாவூர்க்காரியான எனக்கு இதில் ஒன்றும் அந்நியமாகப் படவில்லை. கடைமடைக்காரரின் கவலை காவிரியிலும் இதேதான். இவ்வளவு நெல் விளையும் மண்ணில் கோதுமை எப்படி ஒவ்வொரு டின்னுக்குள்ளும் வந்து உட்கார்ந்தது என்ற கேள்வி மட்டும் மனதைவிட்டுப் போகவில்லை. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. எல்லாம் கப்பலில் வந்து திருகோணமலை, கொழும்பு ஆலைகளில் அரைபடுகிறது.

அங்கிருந்து முறிகண்டிப் பிள்ளையார். ஏ9இல் போகும் பஸ்ஸும் லொறியும் இங்கே நின்று, தேங்காய் உடைத்து, கும்பிட்டுவிட்டுத்தான் நகர்கின்றன. கோயிலைச் சுற்றிக் கச்சான் கடைகள். நம் நிலக்கடலைக்கு இங்கே கச்சான் என்று பெயர். ஓர் அம்மா பெரிய இரும்புச் சட்டியில் மணலைக் காயவைத்து, தோலோடு கச்சானைக் கொட்டிக் கிண்டிக்கொண்டிருந்தார். மணல் கறுத்து, சூட்டில் நீர் போலச் சுழன்றது. ஒரு காயை எடுத்துக் காதருகில் ஆட்டிப் பார்த்தார். உள்ளே பருப்பு கிலுகிலுத்ததும் அரிதட்டில் அள்ளினார். மணல் கீழே விழுந்து, காய்கள் மட்டும் மேலே நின்றன. தோலுக்குள் இருப்பதால் எதுவும் கலக்க வழியில்லை. ஒன்றும் கேட்காமல் வாங்கிச் சாப்பிட்டேன். என் மாதிரி ஒருத்திக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொன்னால் மற்றவர்களுக்குப் புரியுமா தெரியவில்லை. பக்கத்தில் பாலைப்பழமும் விற்றார்கள். இந்த மாதங்களில்தான் காட்டிலிருந்து வரும். மஞ்சளாகச் சின்னச் சின்னப் பழம், அத்தனை இனிப்பு. தின்றபின் பால் உதட்டில் ஒட்டிக்கொள்ளும்.

திரும்பும் வழியில் அம்மாச்சி உணவகம். பெண்கள் சேர்ந்து உள்ளூர்ப் பண்டங்களைக் கண்ணெதிரே சமைத்துக் கொடுக்கும் இடம். அட்டையின் பின்பக்கத்தை நீட்டினேன். பரிமாறிய அக்கா படித்துவிட்டு உள்ளே குரல் கொடுத்தார், இன்னும் இரண்டு பேர் வந்து படித்தார்கள். மூவரும் கலந்து பேசி, "இதில கை வையாதேங்கோ, அதில ஐமிச்சம். இலைக்கஞ்சி மட்டும் குடியுங்கோ, அது தனிப் பானை" என்றார்கள். ஐமிச்சம் என்றால் சந்தேகம். இல்லை என்று ஒரே சொல்லில் முடிப்பவரைவிட, ஐமிச்சம் என்று சொல்கிறவரிடம்தான் நான் பயமில்லாமல் கை நீட்டுவேன்.

வீட்டுக்கு வந்தால் அம்மா சந்தைக்குப் போய்த் திரும்பியிருந்தார். கையில் ஒரு புது நீத்துப்பெட்டி. பனையோலையில் கூம்பு வடிவமாக இழைத்தது. பானையின் வாயில் பொருத்தி இதில்தான் புட்டு அவிப்பார்கள். இன்னும் பச்சை மாறாத ஓலை. கூடவே ஒரு புது அரிதட்டு.

"பழசைக் கழுவினால் போதாதா அம்மா?" என்று கேட்டேன். எனக்காகப் பணம் செலவழித்தது கூச்சமாக இருந்தது.

அவர் பழைய நீத்துப்பெட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஓலையும் ஓலையும் குறுக்கிடும் ஒவ்வொரு மடிப்பிலும் மா காய்ந்து, பல்லிடுக்கில் காரை ஏறிய மாதிரி இறுகியிருந்தது. பத்து வருடத்துப் புட்டு. "இதை எப்பிடிப் பிள்ளை கழுவுறது?"

குளூட்டன் இல்லை என்று ஒரு பண்டத்தின் மேல் அச்சடிக்க வேண்டுமென்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக அளவு. அந்த எண்ணை நான் எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். "கொஞ்சம்தானே" என்று சிரித்தவர்கள் அதிகம். இவருக்கு எண்ணே தேவைப்படவில்லை. ஓலையின் மடிப்பைப் பார்க்கத் தெரிந்திருந்தது.

சிவப்புப் பச்சையரிசியை ஊறவைத்து வடித்து, உரலில் இடித்து, புது அரிதட்டில் அரித்து, சட்டியில் மணம் வர வறுத்தோம். இடிப்பதில் பாதி நான். சுடுநீரை உப்போடு கொஞ்சம் கொஞ்சமாக விட்டு அகப்பைக் காம்பால் கிளறினார். பிறகு தம்ளர் விளிம்பால் கொத்திக் கொத்தி மணி மணியாக உதிர்த்தார். வெள்ளை மா கலந்தால் மன்னிக்கும், தனி அரிசி மா மன்னிக்காது என்றார். தண்ணீர் ஒரு சொட்டுக் கூடினால் களி, குறைந்தால் மணல். இடையிடையே தேங்காய்ப்பூ தூவி நீத்துப்பெட்டியில் இட்டார். ஆவி வந்ததும் பச்சை ஓலை வாசமும் வறுத்த அரிசி வாசமும் ஒன்றாக எழுந்து வீடு முழுக்க நின்றது.

அம்மம்மா திண்ணையில் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். என் நோயைப் பற்றி மகள் சொல்லக் கேட்டு, என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அமெரிக்கன் மா உனக்கு ஆகாதாமே மோனை?" அவருடைய வயதுக்காரர்கள் வெள்ளை மாவை அப்படித்தான் சொல்கிறார்கள்.

"ஆகாது அம்மம்மா."

"எங்களைக் காப்பாத்தினது அதுதான்." கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சண்டை முடிய எங்களை வைச்சிருந்த செட்டிகுளம் முகாமில மாவும் பருப்பும் சீனியும் தருவினம். ரொட்டி, பிட்டு, திரும்ப ரொட்டி. அந்த மாவில்தான் உன்ர சிநேகிதியும் தம்பியும் வளர்ந்தது. அது இல்லாட்டி நாங்கள் இல்லை."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பிறகு, என் நோயைக் கண்டுபிடித்த கதையும் ஒரு போருக்குள்தான் இருக்கிறது என்று சொன்னேன். கேட்கிறேன் என்று தலையசைத்தார். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கெ என்றொரு குழந்தை மருத்துவர். இந்த நோயுள்ள பிள்ளைகளுக்குக் கோதுமைதான் ஆகவில்லை என்று அவருக்கு முன்பிருந்தே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அங்கே பஞ்சம். ரொட்டி கிடைப்பதே அரிதாகிவிட்டது. கிழங்கும் கிடைத்ததும் தின்று உயிர்வாழ்ந்தார்கள். ஊரே மெலிந்துகொண்டிருந்தபோது அந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். போர் முடிந்து ரொட்டி திரும்பியதும் மறுபடி விழுந்தார்கள். அந்த மருத்துவர் 1950இல் தம் ஆய்வில் இதை நிறுவினார். இன்று நான் சாப்பிடும் முறை அவரிடமிருந்து வந்ததுதான்.

அம்மம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அப்ப எங்கட முகாமிலயும் உன்னை மாதிரி ஒரு பிள்ளை இருந்திருக்குமே?"

நான் பதில் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும் வயிற்றோட்டம் இருந்த இடத்தில், அரிசிக்கு வழியில்லாத இடத்தில், ஒரு பிள்ளை மட்டும் ரொட்டி தின்னத் தின்ன மெலிந்துகொண்டு போயிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? அந்தப் பிள்ளையை நினைத்துக்கொண்டேதான் புட்டைச் சாப்பிட்டேன். மீன் குழம்பும் சொதியும் மாம்பழமும் வைத்தார்கள். இரண்டாவது தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். இரவு வயிறு அமைதியாக இருந்தது.

நான்காம் நாள்: முல்லைத்தீவு

பரந்தன் வழியாகக் கிழக்கே பஸ். தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு. செய்தியில் மட்டுமே கேட்ட பெயர்கள் பெயர்ப்பலகைகளாக வந்து வந்து போயின. 2009இல் நான் சின்னப் பெண். தொலைக்காட்சியில் அந்தப் பெயர்கள் வரும்போது அப்பா ஒலியைக் குறைப்பார். தம்பி அந்த வீதியில் ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

மே மாதத்தின் இந்த வாரம், 2009 போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைத்து முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுக்கும் வாரம். புதுக்குடியிருப்பு தாண்டி ஒரு வீதியோரத்தில் அண்டா வைத்திருந்தார்கள். பஸ் நின்றது. நடத்துநர், சாரதி, பள்ளிப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். சிரட்டையில் ஊற்றிக் கையில் தந்தார்கள். என் அட்டை சட்டைப் பையில் இருந்தது. அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தில் என் வயிற்றைப் பற்றிப் பேச எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் ஊற்றிய அம்மா தாமாகவே சொன்னார். என்னிடம் மட்டுமல்ல, வரிசையில் வந்த ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "அரிசி, தண்ணி, உப்பு. அப்ப இவ்வளவுதான் கிடைச்சது."

நின்றுகொண்டே குடித்தேன். நீர்தான் அதிகம். அடியில் கொஞ்சம் பருக்கை. யாரும் பேசவில்லை. சிரட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எல்லோரும் பஸ்ஸில் ஏறினோம்.

வட்டுவாகல் பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. ஒரு பக்கம் நந்திக்கடல் என்ற உப்பங்கழி அசையாமல் கிடந்தது, மறுபக்கம் கடல். அதைப் பற்றி இன்று என்னால் எழுத முடியாது.

முல்லைத்தீவில் தம்பியின் மாமி வீடு. அம்மா முதல் நாளே தொலைபேசியில் எல்லாம் சொல்லிவிட்டார். மாமி புதுச் சட்டியில் ஒடியல் கூழ் காய்ச்சியிருந்தார். நண்டு, இறால், மீன், பயித்தங்காய், பலாக்கொட்டை, மரவள்ளிக் கிழங்கு, பழப்புளி, இடித்த செத்தல் மிளகாய். எல்லாம் கொதித்த பிறகு கரைத்து விடுகிற மாதான் கூழைச் சேர்த்துப் பிடிக்கிறது. நான் கற்றுக்கொண்ட கேள்வியைக் கேட்டேன்.

"என்ன மா, மாமி?"

"ஒடியல் மா, பிள்ளை. பனங்கிழங்கைக் காயவைச்சு இடிச்சது. கசப்புப் போகத் தண்ணியில ஊறவிட்டு வடிச்சனான். வேற ஒரு மாவும் இந்தச் சட்டிக்குக் கிட்ட வரேல்லை."

பனையோலைப் பிளாவில் ஊற்றித் தந்தார். உறைப்பில் கண்ணில் நீர் வந்தது. கடைசியில் ஓலையின் மடிப்பில் தங்கிய நண்டுச் சதையை விரலால் எடுத்துச் சாப்பிட்டேன். 2022இல் மா விலை தாறுமாறாக ஏறியபோது, கைவிட்டிருந்த இந்தப் பண்டங்களெல்லாம் பல வீடுகளுக்குத் திரும்பி வந்தன என்றார் மாமி. பிறகு விலை கொஞ்சம் இறங்கியதும் பலர் மறுபடி மாவுக்கே போய்விட்டார்களாம். "வேலைக்குப் போற பொம்பிளை எப்ப உரல்ல இடிக்கிறது, சொல்லுங்கோ?" என்று கேட்டார். நேற்று நான் இடித்ததில் என் உள்ளங்கை கொப்பளித்திருக்கிறது. அவர் கேட்டது நியாயம்தான்.

மாலையில் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில், நந்திக்கடல் கரையிலேயே. மதுரையை எரித்த கண்ணகி கோபம் ஆறாமல் இலங்கைக்கு வந்து, ஒவ்வோர் இடமாகத் தங்கி, பத்தாவதாக வந்த இடம் இது என்பது ஊர்க் கதை. பத்தாப்பளைதான் வற்றாப்பளை ஆனதாம். கிழவி வேடத்தில் பசியோடு வந்தவளுக்கு மாடு மேய்த்த சிறுவர்கள் புக்கை பொங்கிக் கொடுத்தார்கள். புக்கை என்றால் பொங்கல். இருட்டிவிட்டது, விளக்குக்கு எண்ணெய் இல்லை. கடல் நீரை ஊற்றி ஏற்றுங்கள் என்றாளாம், எரிந்ததாம். இன்றும் வைகாசிப் பொங்கலுக்குக் கடல் நீரில் விளக்கேற்றுகிறார்கள். சிலம்பைப் பள்ளியில் படித்தபோது மதுரை எரிந்ததோடு கண்ணகியை விட்டுவிட்டேன். கடல் கடந்து பசியோடு வந்தாள், யாரென்று கேட்காமல் சோறு பொங்கிப் போட்டார்கள் என்ற பகுதியை இந்தக் கரையில்தான் கேட்கிறேன். வெகுநேரம் மணலில் உட்கார்ந்திருந்தேன்.

ஐந்தாம் நாள்: திரும்புகிறேன்

விடியும் முன்பே எழுந்தோம். அம்மா ஒரு டின்னில் வறுத்த அரிசி மா நிறைத்து, மூடியில் துணி கட்டி, மேலே 'பிள்ளையின்ர மா' என்று எழுதி ஒட்டியிருந்தார். நீத்துப்பெட்டியைத் தனியாகப் பத்திரிகைத் தாளில் சுற்றித் தந்தார். "ஒருத்தருக்கும் குடாதே, உன்ர கையாலதான் அவி" என்றார் அம்மம்மா. நீங்கள் என்று ஆரம்பித்த அம்மாவும் இன்று நீ என்றுதான் பேசினார்.

அந்தத் தோசைக் கடை திறந்திருந்தது. இறங்கிப் போய் அட்டையின் பின்பக்கத்தைக் காட்டினேன். கடைக்காரர் படித்து முடித்ததும் முகம் வாடிவிட்டது. "ஐயோ தங்கச்சி, மாவைத்தானே நீங்கள் அப்பிடிச் சொன்னது" என்றார். அவர் மேல் பிழையில்லை என்று சொன்னேன். அட்டையைத் தன் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். சமையற்கட்டில் ஒட்டப்போவதாகச் சொன்னார்.

காங்கேசன்துறையில் பையைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி டின்னின் மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்தார்.

"என்ன மா இது?"

"அரிசி மா அண்ணை. வறுத்தது. வேற ஒண்டும் கலக்கேல்லை."

மூடியைப் பழையபடி துணியால் இறுக்கிக் கட்டி என்னிடம் தந்தார்.